உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம்

தம்பி,

நான் சுகமா என்று நீ கேட்டு நாளாகிவிட்டது. நீ சுகமா என்று நான் கேட்டால், "கடையில ஆளு நிக்கிறாங்கம்மா" என்று போனை வைத்துவிடுகிறாய். அதனால் அந்த இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் மகள் நித்யாவைத் தாடை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போனேன். நீ வேண்டாம் என்றாய். உன் பெண்டாட்டி வேண்டாம் என்றாள். என் நாத்தனார், அதுதான் உன் அத்தை, வேண்டவே வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்ன பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். என் ஐந்தாம் வகுப்பு எழுத்தைப் பொறுமையாகப் படி. உன் பெண்டாட்டிக்கும் படித்துக் காட்டு. டீ குடிக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மறைத்து மறைத்துத்தான் இந்தப் பெண்ணின் வாய் திறக்காமல் போயிருக்கிறது.

நிச்சயத்தன்று நீ பந்தலில் ஓடிக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன். வடக்கனந்தலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா அதிரசம் கொண்டுவந்து தன் கையாலேயே நித்யாவின் வாயில் வைத்தாள். இவள் ஒரு ஓரத்தைக் கடித்துவிட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டில் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டாள். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமான பொண்ணா! வாயே தொறக்க மாட்டேங்குதே!" என்று கூட்டத்தில் சொன்னாள். உன் அத்தை முந்திக்கொண்டு, "எங்க வூட்டு வளர்ப்பு அப்படி" என்றாள். நான் அடுப்பு பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நம் வீட்டு வளர்ப்பில் வாய் திறக்காத பெண் யாரப்பா? உன் அத்தையா? நானா? அந்தப் பெண்ணால் வாய் திறக்க முடியவில்லை, அதை அடக்கம் என்று மெச்சிக்கொண்டு போனார்கள். நீயும் பக்கத்தில் நின்று சிரித்தாய்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பல் துலக்கப் போனவள் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தேன். பத்து மணிக்கு மேல்தான் டக்கென்று சத்தம் வந்து திறந்தது. அன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். சாயங்காலம் காதைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். பல் டாக்டர் முன்னாடியே முகத்தை விரித்துப் போட்ட மாதிரி ஒரு படம் எடுத்துப் பார்த்து, "மூட்டுப் பக்கம் எலும்பு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சரியா தெரியல, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைப் பற்றி நான் உன்னிடம் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "கல்யாணம் முடியட்டும்மா. இப்ப எடுத்து எலும்பு தேய்ஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டா அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "உனக்கு இருந்ததுதான அவளுக்கு வந்திருக்குது" என்று ஒரு வார்த்தை சேர்த்தாய்.

அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை, தம்பி. மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அதுதான் என்னைக் கிளப்பியது.

எனக்கு இருந்தது என்ன என்று உனக்கு என்ன தெரியும்? உன்னைப் பெற்று எழுந்த வருஷம் தொடங்கியது. காதுக்குள் ஊசி வைத்த மாதிரி வலி. எல்லோரும் காது என்றார்கள். காதில் எண்ணெய் விட்டார்கள், பூண்டுச் சாறு விட்டார்கள். பிறகு பல் என்றார்கள். உன் அப்பா உளுந்தூர்பேட்டைக்கு அழைத்துப் போய் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இரண்டும் நல்ல பல். சொத்தை இல்லை, ஆட்டமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வலி அந்தக் காதோரமே இருந்தது, பல் மட்டும் இல்லை. அப்புறம் கல்வராயன் மலைக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே எலும்பு கட்டுகிற ஒருவர் கட்டை விரலில் துணி சுற்றி வாய்க்குள் விட்டுத் தாடையைக் கீழே அழுத்தித் தள்ளினார். கண்ணில் தண்ணீர் வந்தது, கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மலை இறங்கி ஒரு மாதத்தில் பழையபடி ஆனது. அவர் தாடைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, "எம்மா, பேச்சக் கம்மி பண்ணு" என்றார். உளுந்தூர்பேட்டைக்காரரும் அதையே சொன்னார். உன் அப்பாவும் அதையே சொன்னார். ஒரு ஊரில் ஒரு வைத்தியராவது வேறு மருந்து சொல்வார் என்று பார்த்தேன், இல்லை.

உன் அத்தை மருந்து சொல்லவில்லை, பெயர் வைத்தாள். கரும்பு வெட்டும் காலத்தில் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து கரும்பைப் பல்லால் உரித்துத் தின்போம். அன்றைக்கு எனக்குத் தாடை பாதித் திறப்பில் நின்றுவிட்டது, மூடவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கூலியாட்கள் முன்னால் உன் அத்தை, "பாருங்கடி, பூட்டு வாய்க்காரி! சாவியத் தொலச்சிட்டா!" என்றாள். அதோடு அந்தப் பெயர் நின்றது. களை எடுக்க நான் ஒரு நாள் போகாவிட்டால், "வலியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, வேலைக்கு டபாய்க்கிறா" என்று உன் அப்பாவைப் பெற்ற ஆயாவிடம் சொல்லி வைப்பாள். அவள் பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம், பையில் ஒரு கரும்புத் துண்டை எடுத்துப்போய், "கடிச்சிக் காட்டு கண்ணு, பல்லு கெட்டியான்னு பாக்கலாம்" என்று அந்தப் பெண்களிடம் நீட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அது என்னைக் குத்துவதற்கு என்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். இப்போது அதே அத்தை, நம் நித்யாவுக்கு வடக்கனந்தல் இடத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, இவள் தாடையை மறைக்க உனக்கு யோசனை சொல்கிறாள். தன் வாயால் கொண்டுவந்த சம்பந்தம் கெட்டுவிடக் கூடாதாம். அவள் பேச்சை நீ கேட்கிறாய்.

மாடு கத்தியது. போய்த் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். திரும்பவும் எழுந்து போய் வாசலைப் பார்த்தேன், யாரும் வரவில்லை. நேற்றிலிருந்து இப்படித்தான், ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சரி, ஸ்கேனுக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சியில்தான் எடுத்தோம். உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுதான், நித்யாவை விட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். முதலில் மிஷினைப் பார்க்கவில்லை. காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, "மெதுவா தொறங்க, மூடுங்க" என்று சொல்லிக் கேட்டாள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஒரு அளவுகோலால் பார்த்தாள். நித்யா மிஷினைப் பார்த்துப் பயந்து என் கையை விடவில்லை. "எனக்கு முதல்ல எடும்மா, இவ பாக்கட்டும்" என்றேன். "பாட்டி, பயம் போறதுக்காகல்லாம் எக்ஸ்ரே எடுக்க மாட்டோம். காரணம் இருந்தாதான் எடுப்போம்" என்றாள். "காரணமா? வெச்சிப் பாரு கைய" என்று என் கன்னத்தைக் காட்டினேன். விரலை வைத்தாள். நான் வாயைத் திறந்து மூடினேன். அவள் முகம் மாறியது. "மணல் அரைக்கிற மாதிரி இருக்கே! எவ்வளவு நாளா?" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் சீட்டு எழுதினாள்.

தோட்டைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னாள். வயசுக்கு வந்தபோது போட்டது, உன் அப்பா போனபோதுகூட கழற்ற மாட்டேன் என்று சண்டை போட்டேன். "உலோகம் இருந்தா படத்துல கோடு கோடா அடிக்கும் பாட்டி, எடுத்ததுமே போட்டுக்கலாம்" என்றாள். திருகு துருப்பிடித்த மாதிரி இறுகிப் போயிருந்தது. நித்யாதான் தேங்காய் எண்ணெய் போட்டுக் கழற்றினாள். நின்றபடியே எடுக்கிற மிஷின் அது. தாடையை ஒரு தட்டில் வைத்து, நெற்றியை ஒரு பட்டியில் கட்டி, அசையாதீர்கள் என்கிறார்கள். மிஷினின் கை தலையைச் சுற்றி ஒரு வட்டம் வருகிறது. அவ்வளவுதான். வலி இல்லை. இத்தனை வருஷத்தில் என் தாடையைத் தொட்ட கைகளில் வலிக்காத கை அது ஒன்றுதான்.

பிறகு கம்ப்யூட்டரில் காட்டினாள். மரவள்ளிக் கிழங்கை வில்லை வில்லையாக அரிவோமே, அப்படி எலும்பை அரிந்து ஒவ்வொரு வில்லையாகத் திருப்பிப் பார்க்க முடிகிறது. பழைய படத்தில் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து தெரியாமல் போனது இதில் தனித்தனியாகத் தெரிகிறது. காதுக்கு முன்னால் தாடை எலும்பின் தலை ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. அது ஆமணக்குக் கொட்டை மாதிரி வழவழப்பாக, உருண்டையாக இருக்க வேண்டுமாம். என்னுடையது அரைத்து அரைத்துத் தேய்ந்த குழவி மாதிரி தட்டையாக இருந்தது. ஓரத்தில் கிளி மூக்கு மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புழு துளைத்த கரும்பு மாதிரி ஓட்டை. "ரொம்ப வலிச்சிருக்குமே பாட்டி" என்றாள். இந்த ஒரு வார்த்தையை நான் பிள்ளை பெற்ற காலத்திலிருந்து எத்தனை பேரிடம் எதிர்பார்த்தேன்! "இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள். "இப்ப இல்ல, சத்தம் மட்டும்தான்" என்றேன். "அப்படித்தான் இருக்கும். எலும்பு படத்துல மோசமா இருந்தாலும் சிலருக்கு வலி அடங்கிடும். படம் சுத்தமா இருக்கிற சிலருக்கு வலி உயிர் போகும். படத்தை மட்டும் வெச்சி வைத்தியம் பண்ண முடியாது" என்றாள். அது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கல்யாண மண்டப வாசலில், நீ வைக்கப்போகும் பேனருக்குப் பக்கத்தில் கட்ட முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். "எங்க நாத்தனாரு கண்ணாடி போட்டுக்கினு பாக்கட்டும்" என்றேன். நித்யா சிரித்தாள். சிரிக்கும்போதும் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது அவள் படம். இடது பக்கம் உருண்டையாக நன்றாக இருந்தது. வலது பக்கத்தில், மேல் ஓரத்தில், எறும்பு அரித்த மாதிரி ஒரு சின்ன இடம். டாக்டரம்மா வில்லைகளை முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்தி அந்த இடத்திலேயே நின்றாள். நான் என் படத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என்னுடையதும் ஒரு நாள் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. "என்னாலதான் இவளுக்கு வந்துச்சா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது பாட்டி. பல காரணம் இருக்கும். இப்ப எனக்குத் தெரியறது ஒண்ணு, இவ பல்லைக் கடிச்சிக்கிட்டே இருக்கா. பல்லு ஓரம் தேய்ஞ்சிருக்கு, கன்னத்துச் சதை கல்லு மாதிரி இருக்கு" என்றாள். நித்யாவைப் பார்த்து, "எப்பவும் பல்லை அழுத்தியே வெச்சிருப்பியாம்மா? எதுக்கு?" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். "சத்தம் வரக் கூடாதுன்னு" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அத்தப் பாட்டி சொன்னாங்க. மாப்ள வூட்டுக்காரங்க எதிர்ல வாயத் தொறந்தா டக்குடக்குனு கேக்கும், பல்ல இறுக்கிக்கினு இரு, கல்யாணம் வரைக்கும்தானன்னாங்க. அப்பாவும் போன்ல அதேதான் சொன்னாரு. கட்டிக்கப் போறவரு... அவரு தெனமும் போன் பண்றாரு டாக்டர். நான் பல்ல இறுக்கிக்கினேதான் பேசறேன். இவ்ளோ மெதுவா பேசறியே, என்னைப் பிடிக்கலயான்னு கேக்குறாரு." சொல்லிவிட்டு அழுதாள். அழும்போதுகூட வாயை இறுக்கி மூடிக்கொண்டு அழுதாள், தம்பி. நான் நிறைய அழுகை பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எந்நேரமும் பல்லைக் கடித்தால் அந்த மூட்டின் மேல்தான் பாரம் இறங்குகிறதாம். சாப்பிடும்போது தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றை ஒன்று தொடவே கூடாதாம். "உதடு சேரட்டும், பல்லு சேர வேண்டாம். இதை மட்டும் நாள் பூரா ஞாபகம் வெச்சிக்க" என்றாள். தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட் செய்து தருகிறார்கள். கொஞ்ச நாளைக்கு மெதுவான சாப்பாடு, ஒத்தடம், சொல்லிக் கொடுத்த பயிற்சி. கரும்பு, முறுக்கு கூடாது. ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை. எலும்புக்கு நடுவில் ஒரு மெத்தை இருக்கிறதாம், அது இந்த ஸ்கேனில் தெரியாது. சரியாகாவிட்டால் அதற்கு வேறு ஸ்கேன் இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றாள். பாரம் குறைந்தால் அந்த அரித்த இடம் அப்படியே நின்றுபோகலாம், மேலே எலும்பு பூசிக்கொள்ளவும் கூடும். தேவைப்பட்டால் சில மாதம் கழித்து அதே இடத்தைத் திரும்ப எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றாள். "ஆனா இப்படியே கடிச்சிக்கிட்டிருந்தா நான் ஒண்ணும் உறுதி சொல்ல மாட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாலும் அது உனக்குச் சொன்னது.

இப்போது நான் சொல்வதைக் கேள். கல்யாணம் முடியட்டும் என்கிறாய். முடிந்தால்? தாலி ஏறிய மறுநாள் இவள் அந்த வீட்டில் என்ன செய்வாள்? பிளேட்டை எங்கே ஒளித்து வைப்பாள்? இட்லியை ரசத்தில் ஊறவைத்துத் தின்றால் ஏன் என்று மாமியார் கேட்க மாட்டாளா? போட்டோகாரன் லட்டை வைத்துக்கொண்டு, "இன்னும் பெருசா தொறங்க மேடம்" என்பான். மேடையில், ஊர் முன்னால், வாய் பாதியில் நின்றுவிட்டால்? நீ பக்கத்தில் நிற்பாயா, இல்லை பந்திக்கு இலை போடப் போய்விடுவாயா? மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அவள் ஆயுசு முழுக்கப் பல்லை இறுக்கிக்கொண்டு வாழ வேண்டும். நான் பேச்சைக் குறைக்காததால்தான் பூட்டு வாய்க்காரி என்ற பெயரோடு இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தேன். உன் மகளுக்கு என் வாய் இல்லை. அவள் நீ சொன்னால் கேட்கிற பெண். அதனால்தான் நீ சொன்னதைப் பல்லில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

வரும் வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் நம் வீட்டுக்கு வந்து, எல்லோரும் சேர்ந்து கூறைப் புடவை எடுக்கப் போவதாகப் பேச்சு. உன் அத்தையும் வருவாள். அன்றைக்கு அவர்களிடம் சொல்லியாக வேண்டும். புடவை எடுக்கும் முன்னால் சொல்ல வேண்டும். ஸ்கேனில் இருப்பது இது, டாக்டர் சொன்னது இது, பெண்ணுக்கு இப்போது இப்படி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போனால் போகட்டும் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நித்யாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும். அதனால்தான் என் கால் தரையில் பாவவில்லை.

அவர்களிடம் நானே சொல்லிவிடுவேன், பயம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொன்னால் அது சண்டையாகத்தான் இருக்கும். உன் அத்தை முகத்தைப் பார்த்ததும் கரும்பிலிருந்து ஆரம்பித்துவிடுவேன், நித்யாவின் தாடை நடுவில் காணாமல் போய்விடும். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது, உனக்கே தெரியும். நீ வந்து, அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னால் அது ஒரு அப்பன் சொன்ன வார்த்தையாக இருக்கும். இந்த ஒரு காரியத்துக்குத்தான் நான் உன்னைக் கூப்பிடுகிறேன். கடையை ஒரு நாள் மூடு. வியாழக்கிழமை பஸ் ஏறு. வராவிட்டால் வெள்ளிக்கிழமை நான் பேசுவேன். அதற்குப் பிறகு அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று வருத்தப்படாதே.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். நேற்று திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெயில், நல்ல கூட்டம். நித்யா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உதட்டை மூடிப் பல்லை விலக்கிப் பழகிக்கொண்டே வந்தாள். ரிஷிவந்தியம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குக் கொட்டாவி வந்தது. வழக்கம்போலக் கை மேலே போனது. பாதியில் நின்றது. திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். தாடைக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் தாங்கலாகக் கொடுத்து, டாக்டரம்மா சொன்ன அளவுக்கு, மெதுவாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். டக்கென்று சத்தம் வந்தது. முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார். இவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து, ஊர் வரும் வரைக்கும் தூங்கினாள்.

வியாழக்கிழமை வா.

உன் அம்மா